பாறையில பேர் எழுதாதவங்களுக்கு மட்டும் ஒரு டூர்!

நோட்டீஸ் போர்டுல 'டூர்'னு ஒரு பேப்பர் ஒட்டினதும் உங்க கிளாஸ்ல என்ன நடக்கும்? முதல் பெஞ்ச் 'ஊட்டி'ன்னும், கடைசி பெஞ்ச் 'கொடைக்கானல்'னும் கத்தும். ஹெச்.ஓ.டி. கண்ணாடியைக் கழற்றித் துடைச்சுக்கிட்டே, "போன வருஷமும் இதையேதானேடா கேட்டீங்க?"ன்னு முறைப்பார். கடைசியில பஸ்ஸுக்குள்ள டான்ஸ், போட் ஹவுஸ்ல ஒரு குரூப் போட்டோ, வர்ற வழியில வாந்தி. டூர் ஓவர்!

இந்த வருஷம் ஒரு மாறுதலுக்கு, "சார், விருதுநகர் மாவட்டம்"னு சொல்லிப் பாருங்க. "வெயிலையும் பட்டாசையும் பார்க்கவாடா?"ன்னு அவர் கேட்பார். கேட்கட்டும். அந்தக் கரிசல் பூமியோட மேற்கு ஓரத்துல மேற்குத் தொடர்ச்சி மலை சுவர் மாதிரி நிக்குதுங்கிறதையும், அதுக்கு அந்தப் பக்கம் கேரளாவோட பெரியாறு புலிகள் காப்பகம்ங்கிறதையும் அவர்கிட்ட சொல்லுங்க. பாண்டியர் குடைவரை, நாயக்கர் மஹால், புலி நடமாடும் காடு... எல்லாத்தையும் ரெண்டே நாள்ல பார்த்துடலாம்.

ஆனா ஒரு கண்டிஷன். இந்த டூருக்கு நீங்க தனியா போகக் கூடாது. வரலாறு தெரிஞ்ச ஒருத்தர், காடு தெரிஞ்ச ஒருத்தர், ரெண்டு பேரும் கூட வரணும். எங்களுக்கு முதல் ஆள், ரிட்டயர்ட் ஆன ஒரு வரலாற்று வாத்தியார். 'ஐயா'ன்னுதான் எல்லாரும் கூப்பிட்டோம். ரெண்டாவது ஆள், செண்பகத்தோப்பு பளியர் குடியிருப்பைச் சேர்ந்த ஒரு அண்ணன். இவங்க இல்லாம போனா நீங்க பார்க்கப் போறது வெறும் கல்லும் மரமும்தான்.

மதுரையில் இருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குச் சுமார் 75 கிலோமீட்டர். பஸ் ஏறினதும் தூங்கிடாதீங்க மக்கா. வழியில அங்கங்க பழைய கல் மண்டபங்கள் கண்ணுல படும். சிலது சரிஞ்சு கிடக்கும், சிலதுல ஆடு படுத்திருக்கும். திருமலை நாயக்கர் 1623-ல் இருந்து 1659 வரைக்கும் மதுரையை ஆண்டவர். ஸ்ரீவில்லிபுத்தூர்ல பூஜை முடிஞ்ச பிறகுதான் மதுரையில அவர் சாப்பிடுவாராம். அங்கே பூஜை முடிஞ்சது இங்கே எப்படித் தெரியும்? மண்டபத்துக்கு மண்டபம் முரசு அடிச்சு, அந்தச் சத்தம் கை மாறி கை மாறி மதுரை வந்து சேருமாம். அந்தக் காலத்து செல்போன் டவர்! கதை பாதி, நிஜம் பாதின்னே வெச்சுக்குவோம். ஆனா கல்லு நிஜம். ரோடு அகலமாக ஆக, மண்டபங்கள் ஓரமா ஒதுங்கிக்கிட்டே போகுதுங்கிறதும் நிஜம்.

ஊருக்குள்ள நுழையறதுக்கு முன்னாடியே மூவரைவென்றான்ல இறங்கிடுங்க. சின்ன கிராமம், சின்னக் குன்று. பாறையைக் குடைஞ்சு செஞ்ச முற்காலப் பாண்டியர் சிவன் கோயில், சாமி பேர் மலைக்கொழுந்தீஸ்வரர். மகாபலிபுரம் மாதிரி பிரமாண்டம் எதிர்பார்த்துப் போனா ஏமாந்துடுவீங்க. டைனமைட், டிரில்லிங் மெஷின் எதுவும் கிடையாது. உளியையும் சுத்தியலையும் மட்டும் வெச்சு மலைக்குள்ள ஒரு அறையைக் குடைஞ்சிருக்காங்க. உள்ளே நின்னு ஒரு தடவை மூச்சு விட்டுப் பாருங்க. உங்க மூச்சுச் சத்தம் உங்களுக்கே கேட்கும்.

அங்கதான் அது நடந்துச்சு. எங்க கூட வந்த செகண்ட் இயர் பையன் ஒருத்தன் பாக்கெட்ல இருந்து பைக் சாவியை எடுத்தான். குகைக்கு வெளியே ஒரு பாறை. ஏற்கெனவே நாலஞ்சு பேர், ஒரு ஹார்ட்டு, அதுல ஒரு அம்பு. அதுக்குப் பக்கத்துல தன்னோட இனிஷியலைச் சேர்க்கப் போனான். ஐயா பார்த்துட்டார். ஆனா திட்டலை. "எழுதறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லுறேன் தம்பி. நாளைக்குக் கழுகுமலை போறோம். அங்கே ஒரு விஷயத்தைப் பார்த்துட்டு, அப்புறமும் எழுதணும்னு தோணினா எழுதிக்கோ"ன்னார். பையன் சாவியை உள்ளே வெச்சுட்டான். எனக்குத்தான் முகம் வேர்த்துடுச்சு. ஏன்னு அப்புறம் சொல்றேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர்ல எல்லாரும் நேரா ஆண்டாள் கோயிலுக்குப் போயிடுவாங்க. 11 நிலை, சுமார் 192 அடி உயர ராஜகோபுரம். மதுரைக் கோபுரம் மாதிரி பொம்மைக் கூட்டம் இதுல கிடையாது. நெடுநெடுன்னு ஒரு நிதானம். தமிழக அரசு முத்திரையில இருக்கிறது எங்க கோபுரம்தான்னு ஊர்க்காரங்க நெஞ்சை நிமிர்த்துவாங்க. 'அது மதுரை மேற்குக் கோபுரமாக்கும்'னு மல்லுக்கட்டறவங்களும் உண்டு. அந்தப் பஞ்சாயத்துல நாம இறங்க வேண்டாம். ஆண்டாள் கையில இருக்கிற கிளியைக் கட்டாயம் பாருங்க. மரவள்ளி இலையில உடம்பு, மாதுளம்பூவில மூக்கு. தினமும் புதுசா ஒண்ணு செய்யறாங்க. சாமி நம்பிக்கை இல்லாத நம்ம க்ளாஸ்மேட்டுகள் கூட அந்தக் கிளியைப் பார்த்துட்டு வாயடைச்சுப் போனாங்க.

பலபேர் பார்க்காம வர்ற இடம், கோயிலுக்குப் பக்கத்துல இருக்கிற திருமலை நாயக்கர் மஹால். மதுரை மஹாலோட தம்பி மாதிரி. ஒரு காலத்துல கோர்ட்டாகக் கூட இருந்திருக்கு. இப்போ மாநிலத் தொல்லியல் துறை பாதுகாப்புல இருக்கு. வளைவுகளுக்குக் கீழே நின்னு அண்ணாந்து பாருங்க, கழுத்து வலிக்கிற வரைக்கும். ஐயா இங்கதான் ரொம்ப நேரம் நின்னார். "ராஜா ஒதுங்கிப் போயிட்டான், ஜட்ஜும் ஒதுங்கிப் போயிட்டான், புறா மட்டும் இருக்கு"ன்னார்.

சாயங்காலம் பால்கோவா. 2019-ல புவிசார் குறியீடு வாங்கின சரக்கு. பால், சர்க்கரை, அடுப்பு, கிண்டற கை... அவ்வளவுதான். வீட்டுக்குன்னு வாங்கினதை ரூம்லயே காலி பண்ணிடாதீங்க. நாங்க பண்ணினோம்.

ரெண்டாம் நாள் விடியறதுக்குள்ள செண்பகத்தோப்பு. ஊர்ல இருந்து சில கிலோமீட்டர்தான், மலையடிவாரம். வனத்துறை அனுமதி இல்லாம உள்ளே போக முடியாது. அதனால உங்க ஹெச்.ஓ.டி. லெட்டர்ஹெட்ல முன்கூட்டியே விண்ணப்பிச்சுடுங்க. இது 1988-ல சாம்பல் நிற அணில்களுக்காக அறிவிக்கப்பட்ட சரணாலயம். 2021 பிப்ரவரியில மேகமலையோடு சேர்ந்து ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் ஆச்சு. தமிழ்நாட்டோட அஞ்சாவது புலிகள் காப்பகம், பரப்பு ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கும் மேல. வைகைக்குத் தண்ணி தர்ற மலைகளும் இதுக்குள்ளதான் வருது. அதாவது, புலியைக் காப்பாத்தினா மதுரைக்காரனுக்குத் தண்ணி!

"புலி வருமா அண்ணே?"ன்னு பசங்க கேட்டாங்க. "புலி உங்களைப் பார்க்கும். நீங்க புலியைப் பார்க்க மாட்டீங்க"ன்னார் பளியர் அண்ணன். அணிலைப் பார்க்கவே முக்கால் மணி நேரம் ஆச்சு. நம்ம வீட்டு முற்றத்து அணில்னு நினைச்சுடாதீங்க. பூனை சைஸ், சாம்பல் தெளிச்ச மாதிரி ரோமம், உடம்பை விட நீளமா வால். தரையில இறங்கறதே அபூர்வம், மரத்துக்கு மரம் தாவித்தான் வாழ்க்கை. நடுவுல நாலு மரத்தை வெட்டிட்டா, அதுக்கு அது பாலம் உடைஞ்ச மாதிரி. மலைக்கு வெளியே இருக்கிற மாந்தோப்பு, புளியந்தோப்புகள் கூட அதனாலதான் இந்த அணிலுக்கு முக்கியம்.

நாங்க அணிலுக்காக அண்ணாந்து நின்ன நேரத்துல அண்ணன் பேசாம ஒரு காரியம் செஞ்சுக்கிட்டிருந்தார். ஓடைக்கரையில கிடந்த பிஸ்கட் கவர், ஷாம்பு பாக்கெட், தண்ணி பாட்டில் எல்லாத்தையும் பொறுக்கி ஒரு சாக்குல போட்டுக்கிட்டிருந்தார். தேன் எடுக்க, கிழங்கு தோண்ட, அவங்க தலைமுறை தலைமுறையா நடந்த காடு அது. இப்ப நம்ம குப்பையைப் பொறுக்க நடக்கிறார். எங்க குரூப்ல ஒருத்தரும் எதுவும் பேசலை. ரெண்டு பொண்ணுங்க போய் சாக்கோட இன்னொரு முனையைப் பிடிச்சாங்க.

ஓடையில குளிக்கலாமான்னு கேட்டோம். அண்ணன் மலை உச்சியைப் பார்த்தார். மேகம் கட்டியிருந்தது. "வேணாம் தம்பி." கீழே சுள்ளுன்னு வெயில் அடிக்குதேன்னு முனகினோம். வத்திராயிருப்பு பக்கம் சதுரகிரி மலையில 2015 மே மாசம் நடந்ததை ஐயா அப்பத்தான் சொன்னார். மே மாசம், கத்திரி வெயில். மேலே பெய்ஞ்ச மழையில திடீர்னு காட்டாறு பெருகி, சாமி கும்பிட்டுத் திரும்பின பக்தர்கள் அடிச்சுட்டுப் போகப்பட்டாங்க, பல உயிர் போச்சு. மலையில மழை பெய்யறது கீழே நிக்கிறவனுக்குத் தெரியாது. தண்ணி கலங்கினாலோ, சருகு மிதந்து வந்தாலோ உடனே கரை ஏறணும். செல்ஃபிக்கு அஞ்சு நிமிஷம் கேட்கக் கூடாது. உங்க கைடு 'வேணாம்'னா, வேணாம். அவ்வளவுதான்.

ராஜபாளையம் 11 கிலோமீட்டர்தான். 2005-ல தபால்தலையில இடம்பிடிச்ச வெள்ளை நாய், சென்னை மாகாண முதல்வரா இருந்த பி.எஸ்.குமாரசாமி ராஜா தன் வீட்டையே கொடுத்து உருவான காந்தி கலை மன்றம், சீசன்ல மாம்பழம். அய்யனார் கோயில் அருவிக்கும் அதே காட்டாறு ரூல்தான். எங்களுக்கு நேரம் இல்லை, சாப்பிட்டுட்டுக் கிளம்பிட்டோம். ஒரு நாள் கூடுதலா இருந்தா வெம்பக்கோட்டைக்குப் போங்க. விஜயகரிசல்குளத்துல வைப்பாற்றங்கரை மேட்டுல 2022-ல தொடங்கி மூணு கட்டமா தோண்டினாங்க. சங்கு வளையல், பாசிமணி, சுடுமண் பொம்மை, ஆட்டக்காய்னு குவிஞ்சது. கரிசல்காட்டுல கடலோட சங்கு!

சங்கரன்கோவில் வழியா கழுகுமலைக்கு ஒண்ணரை மணி நேரம். வெட்டுவான் கோயில் 8-ம் நூற்றாண்டுப் பாண்டியர் வேலை. பாறையை மேலே இருந்து கீழே செதுக்கிக்கிட்டே வந்து, விமானம் முடிஞ்சு, அடிப்பகுதி முடியாம நின்னுபோச்சு. அப்பன் சிற்பிக்கும் மகன் சிற்பிக்கும் போட்டி, அப்பனே மகனை வெட்டிட்டான்னு ஊர்க்கதை. காரணம் எதுவோ, அரைகுறையா நிக்கிறதுதான் அதோட அழகு. உளி எங்கே நின்னுச்சுன்னு கையைக் காட்டலாம்.

அதே குன்றுல பக்கத்துல சமணச் சிற்பங்கள். நூத்துக்கும் மேல தீர்த்தங்கரர்கள், வரிசை வரிசையா. ஐயா அந்தப் பையனைக் கூப்பிட்டு, சிற்பத்துக்குக் கீழே வட்டெழுத்துல இருந்ததைக் காட்டினார். எல்லாம் பேர்கள்! இன்ன ஊர், இன்னாரோட பிள்ளை, இந்த உருவத்தைச் செய்ய வெச்சார்னு. அதுல குரத்தியர்ன்னு பெண் ஆசிரியர்களும் இருக்காங்க. 1200 வருஷத்துக்கு முன்னாடி இங்கே பாடம் சொன்ன பெண்கள். "இவங்களும் பாறையில பேர் எழுதினவங்கதான் தம்பி. ஆனா பேருக்கு மேல என்ன இருக்குன்னு பாரு." பையன் ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கிட்டு நின்னான்.

இப்ப என் கதை. காலேஜ்ல படிக்கிறப்ப, எந்த மலைன்னு சொல்ல மாட்டேன், ஒரு கோயில் பாறையில என் பேரையும் கூடப் படிச்ச ஒரு பொண்ணு பேரையும் கீறினேன். அவளுக்கு இது தெரியாது. அவகிட்ட நான் நாலு வார்த்தை பேசினது கூடக் கிடையாது. அடுத்த வருஷம் டூர் போன ஜூனியர்ஸ் அதைப் போட்டோ எடுத்து ஹாஸ்டல் போர்டுல ஒட்டிட்டாங்க. அவ ரெண்டு வாரம் காலேஜுக்கு வரலை. செமஸ்டர் எழுத வந்தப்ப கூடவே அவங்க அண்ணன் வந்து கேட் கிட்ட நின்னார். நான் மன்னிப்புக் கேட்கவே இல்லை. தைரியம் வரலை. சுண்ணாம்போட போய் அந்தப் பாறையில பூசிட்டு வந்தேன். அது இன்னொரு தப்புன்னு பிறகுதான் தெரிஞ்சது. மழையில சுண்ணாம்பு போயிடுச்சு, பேர் அப்படியே இருக்கு.

இதை வெட்டுவான் கோயில் படிக்கட்டுல உட்கார்ந்து பசங்ககிட்ட சொன்னேன். சாவிப் பையன் மட்டும், "அந்த அக்கா இப்ப எங்க இருக்காங்க சார்?"ன்னு கேட்டான். தெரியலைன்னேன்.

சரி, டிக்கெட் விஷயத்துக்கு வருவோம். சென்னைக்காரங்களுக்குப் பொதிகை எக்ஸ்பிரஸ் இருக்கு. ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் ரெண்டு ஊரிலும் நிக்கும். மழை சீசன்லயும், காட்டுத்தீ பயம் இருக்கிற கோடையிலும் வனத்துறை வழியை அடைச்சுடுவாங்க. போன் பண்ணிக் கேட்டுட்டு தேதி வையுங்க. தொப்பி, ஸ்டீல் தண்ணி பாட்டில், குப்பைக்கு ஒரு துணிப்பை. பால்கோவா ரெண்டு கிலோவா வாங்கிடுங்க, ஒரு கிலோ ரூமுக்கு.