புளியங்கொட்டை எண்ணி நடக்கிறார்!



வீட்டில் ஒருத்தருக்கு ரத்தப் புற்றுநோய் என்றால் நாம் முதலில் என்ன செய்வோம்? கட்டிலைப் போட்டு, "நீங்க அசையாதீங்க, எது வேணும்னாலும் கூப்பிடுங்க" என்போம். நானும் அதைத்தான் செய்தேன். அதில் பட்ட பாட்டைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

என் கணவருக்கு வயது 54. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் வேலை. முதுகு வலி என்று ஆரம்பித்து, மல்டிபிள் மைலோமா என்றார்கள். எலும்பு மஜ்ஜையில் வருகிற புற்றுநோய். சில மாதம் மருந்து கொடுத்து நோயை அடக்கி, அவருடைய ஸ்டெம் செல்லையே எடுத்து வைத்துக்கொண்டு, கடுமையான மருந்து ஏற்றி, அப்புறம் அந்த செல்லையே திரும்ப ஏற்றுவார்களாம். வேலூர் சி.எம்.சி.யில் 1986-லேயே எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை செய்திருக்கிறார்கள் என்று கேட்ட பிறகுதான் எனக்குப் பாதி உயிர் வந்தது.

மருந்தோடு ஸ்டீராய்டும் உண்டு. அது தொடைச் சதையை இளைக்க வைக்கும் என்பது எனக்குத் தெரியாது. போதாததற்கு நான் வேறு படுக்கவே வைத்திருந்தேன். மூன்றாவது மாதம், பாத்ரூமில் உட்கார்ந்தவர் எழுந்திருக்க முடியாமல் கூப்பிட்டார். நானும் பிளஸ் டூ படிக்கிற மகனும் கைத்தாங்கலாகத் தூக்கினோம். இரும்பைப் புரட்டின மனுஷன்! அன்றைக்கு முழுக்க அவர் எங்கள் முகத்தைப் பார்க்கவேயில்லை.

டாக்டரிடம் சொன்னபோது, "படுக்கச் சொன்னது யாரும்மா?" என்றார். மாற்று சிகிச்சைக்கு உடம்பு தாங்குமா என்று பார்க்கும்போது, ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறார் என்றும் அளப்பது உண்டாம். உள்ளே போனால் இரண்டு மூன்று வாரம் ஆஸ்பத்திரி வாசம். இருக்கிற சதையும் அங்கே கரையும். "சீட்டு கட்டற மாதிரி இப்பவே சேர்த்து வைங்க" என்றார் பிசியோதெரபி பெண்.

வீட்டுக்கு வந்து சொன்னால் மாமியார் அழுதார். "ரத்தமே இல்லாதவனை நடக்கவெச்சு கொல்லப் பாக்கறியா?" நான் என்ன பதில் சொல்ல? இரண்டு நாள் வீட்டில் பேச்சே இல்லை. மூன்றாம் நாள் அவரே எழுந்து, ஒரு கிண்ணத்தில் புளியங்கொட்டையைப் போட்டு அம்மா கையில் கொடுத்தார். "நான் நடக்கறேன், நீ எண்ணு."

ஹாலிலிருந்து சமையலறை வரை போய் வந்தால் ஒரு சுற்று. ஒரு சுற்றுக்கு ஒரு கொட்டை. முதல் நாள் நாலு கொட்டை, அதற்கே மூச்சு வாங்கியது. ஒரேயடியாக இல்லாமல், காலை, மதியம், சாயங்காலம் என்று ஐந்தைந்து நிமிடம். நடக்கும்போது பேச வரவேண்டும். பேச்சு திணறினால் உட்கார்ந்துவிட வேண்டும். வழுக்காத செருப்பு கட்டாயம். மொசைக் தரையில் ஈரம் இருக்கவே கூடாது. இவர்களுக்கு எலும்பு லேசில் முறியும். அதனால் தண்ணீர்க் குடம், காஸ் சிலிண்டர் பக்கமே விடுவதில்லை.

எங்கள் தெருவில் கால்வாய் தோண்டியதில் ஒரே புழுதி. அந்தப் புழுதியில் இருக்கிற பூஞ்சை, எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களின் நுரையீரலுக்கு ஆபத்தாம். ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளேயே நடக்கிறார்.

ஒவ்வொரு ரத்தப் பரிசோதனைக்குப் பிறகும் டாக்டரைக் கேட்டுத்தான் நடை. பிளேட்லெட் ரொம்பக் குறைந்த ஒரு வாரம், நாற்காலியில் உட்கார்ந்தபடி காலை நீட்டி மடக்கியதோடு சரி. ஜுரம் 100.4 டிகிரியைத் தொட்டால் நடையும் கிடையாது, கஷாயமும் கிடையாது, நேரே ஆஸ்பத்திரிதான். புதிதாக எங்காவது எலும்பு வலித்தாலும் நிறுத்திவிட்டு டாக்டருக்குப் போன் செய்துவிடுவேன்.

நேற்று மூன்று வேளையும் சேர்த்து நாற்பது கொட்டை. பாத்ரூமிலிருந்து தானே எழுந்து வருகிறார். சிகிச்சைக்குத் தேதி அடுத்த மாதம் சொல்வார்கள். வேட்டி, துண்டு எடுத்து வைத்த பையில் மாமியார் புளியங்கொட்டை டப்பாவையும் வைத்திருக்கிறார். அந்த அறைக்குள் அதை விடுவார்களோ, மாட்டார்களோ!

– ஒரு வாசகி, அம்பத்தூர்