கியர் ஆயில் மாத்தினீங்களா சார்?

எஞ்சின் ஆயிலுக்கு இருக்கிற மவுசே தனி. மாற்ற வேண்டிய நாள் நெருங்கினால் வண்டிக்காரருக்குத் தூக்கம் வராது. டிப்ஸ்டிக்கை உருவி, துடைத்து, மறுபடி விட்டு, தெர்மாமீட்டர் பார்க்கிற டாக்டர் மாதிரி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். அதே வண்டியின் வயிற்றுக்கு அடியில் கியர் பாக்ஸ், டிஃபரன்ஷியல் என்று இன்னும் இரண்டு இடத்தில் ஆயில் இருக்கிறதே, அதைக் கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். ''அதெல்லாம் லைஃப் டைம் சார்'' என்பார். யாருடைய லைஃப் என்று சொல்ல மாட்டார்!

நிறைய மேனுவல்களில் சுமார் 40,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை என்று போட்டிருக்கும். உங்கள் மேனுவலில் என்ன இருக்கிறதோ அதுதான் உங்களுக்கு வேதம்.

முதலில் ஒரு விஷயம். ஆல்ட்டோ, சான்ட்ரோ மாதிரி முன்சக்கரம் இழுக்கிற வண்டியில் கியரும் டிஃபரன்ஷியலும் ஒரே கூட்டுக்குள் கூட்டுக் குடித்தனம். ஒரே ஆயில், ஒரே வேலை. அம்பாஸடர், பத்மினி, ஆம்னி, பொலேரோ மாதிரி பின்சக்கரம் தள்ளுகிற வண்டிகளில் இரண்டும் தனித்தனி. நடுவில் கியர் பாக்ஸ், பின் ஆக்ஸில் நடுவே பூசணிக்காய் சைஸில் டிஃபரன்ஷியல். அதில் இருப்பதைத்தான் மெக்கானிக்குகள் 'கிரவுன் ஆயில்' என்கிறார்கள்.

எங்கள் பெரியப்பா பையன் ஒரு ஆம்னி வைத்திருக்கிறார். 2019-ல் தயாரிப்பே நின்றுபோன வண்டி. தாம்பரம் பக்கத்திலிருந்து ஆபீஸ்களுக்கு மத்தியானச் சாப்பாடு கொண்டு போகிறார். வண்டி ஒருநாள் படுத்தால் எண்பது பேர் வடை, டீயோடு முடித்துக்கொள்ள வேண்டியதுதான். அன்றைய வருமானமும் அம்பேல்!

''தம்பி, ஐம்பதுல போனா பின்னாடி 'ஙொய்'னு ஒரு சத்தம் வருதுடா'' என்றார்.

''கியர் ஆயில், கிரவுன் ஆயில் மாத்தியாச்சாண்ணே?''

''எட்டு மாசம் முன்னாடியே மாத்தியாச்சு. பில்லே இருக்கு பாரு.''

பில் இருந்தது. இரண்டு ஆயிலுக்கும் விலை, லேபர் எல்லாம் சுத்தமாக எழுதியிருந்தது. நான் பி.காம். வவுச்சர் இருந்தால் மட்டும் போதாது, சரக்கையும் நேரில் பார் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அதனால் மெஸ்ஸுக்கு லீவான ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஃபிளாட் பார்க்கிங்கில் ஆடிட் ஆரம்பம்.

வண்டிக்கு அடியில் போவதென்றால் விளையாட்டில்லை. ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான், தாங்குவதற்கு அல்ல. ஜாக்கியை நம்பி அடியில் படுக்கிறவரும், செங்கல் அடுக்கிப் படுக்கிறவரும் தயவுசெய்து முதலில் எல்.ஐ.சி. ஏஜெண்டைப் பார்த்துவிட்டு வரவும். இரும்பு ஸ்டாண்டு நான்கு வேண்டும். தரையில் இருக்கிற சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிட்டு, ஒரு பக்கம் தூக்கி ஸ்டாண்டு கொடுத்து, பிறகு மறுபக்கம். உள்ளே தலையை நீட்டுவதற்கு முன் வெளியே நின்று வண்டியைப் பலமாக அசைத்துப் பாருங்கள். விழுவதாக இருந்தால் அப்போதே விழட்டும். நான்கு பக்கமும் ஏன் தூக்க வேண்டும்? வண்டி சாய்ந்து நின்றால் உள்ளே ஆயிலும் சாய்ந்து நின்று பொய்க் கணக்குக் காட்டும்.

அதற்கு முன்னால் ஏழெட்டு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்தால் ஆயில் சூடாகி இளகி, அழுக்கோடு இறங்கும். சைலன்சர் ஆறக் கொஞ்சம் டயம் கொடுங்கள். கை பத்திரம்.

இனிமேல்தான் முக்கியமான கட்டம். ஒவ்வொரு பெட்டியிலும் இரண்டு பிளக். பக்கவாட்டில் இருப்பது ஊற்ற, அடியில் இருப்பது வடிக்க. எதை முதலில் கழற்றுவீர்கள்? வடிக்கிறதைத்தானே? கூடாது! ஊற்றுகிற பிளக்கை முதலில் கழற்றிப் பார்த்துவிட வேண்டும். பழைய வண்டியில் அது துருப்பிடித்து முரண்டு பண்ணும். ஆயிலை முழுக்க வடித்தபிறகு அது கழல மாட்டேன் என்றால், ஊற்ற வழியில்லாமல் வண்டி அங்கேயே அனாதை. திங்கட்கிழமைச் சாப்பாடு ஆட்டோவில்தான் போகும். பிளக்குக்குச் சரியான சைஸ் ரிங் ஸ்பேனரோ சாக்கெட்டோதான் போட வேண்டும். பைப் ரெஞ்ச் போட்டால் ஆறு மூலை பிளக் லட்டு மாதிரி உருண்டையாகிவிடும்.

எங்கள் ஆம்னியின் பூசணிக்காயைப் பார்த்தேன். ஊற்றுகிற பிளக் மேல் வருஷக்கணக்கில் படிந்த மண், ஆயில் கசிவில் குழைந்து காய்ந்து, சிமென்ட் பூச்சு மாதிரி. ஸ்பேனர் பட்ட ஒரு கீறல்கூட இல்லை. எட்டு மாசத்துக்கு முன்பு இந்த வழியாக ஆயில் ஊற்றினார்களாம்! கழற்றி வடித்தால் வந்தது டிகாஷன். அதுவும் வர வேண்டியதில் பாதிதான். மீதி பின்சக்கரத்துப் பக்கம் ஆக்ஸில் சீல் வழியாக சொட்டுச் சொட்டாகப் போயிருக்கிறது. அண்ணன் பில்லைப் பார்த்தார், பேசினைப் பார்த்தார். அப்புறம் அவர் சொன்னதைப் பத்திரிகையில் போட முடியாது.

வடிக்கிற பிளக்கின் நுனியில் பல வண்டிகளில் காந்தம் இருக்கும். அதில் மை மாதிரி சாம்பல் நிறப் பொடி அப்பியிருந்தால் கவலையில்லை. பல்லும் பல்லும் உரசினால் அவ்வளவு வரத்தான் வரும். தூள்தூளாக, விரலில் குத்துகிற சில்லு வந்தால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். எங்களுக்கு மைதான். தப்பித்தோம்.

சரி, எந்த ஆயில்? கடைக்காரர் ''ரெண்டுக்கும் இதையே ஊத்துங்க சார்'' என்று ஒரே டப்பாவைத் தள்ளுவார். அங்கேதான் ஏமாறக் கூடாது. டப்பாவில் ஜிஎல்-4, ஜிஎல்-5 என்று போட்டிருப்பதைப் பாருங்கள்.

1926-ல் பேக்கார்ட் கம்பெனி தன் கார்களில் ஹைபாய்டு என்றொரு பல்சக்கரத்தைக் கொண்டுவந்தது. சின்னச் சக்கரம் பெரிய கிரவுன் சக்கரத்தின் மையத்துக்குக் கீழே தள்ளி உட்காரும். அதனால் வண்டியின் தளத்தைத் தாழ்த்த முடிந்தது. ஆனால் பற்கள் உருள்வதோடு நிற்காமல் ஒன்றன்மேல் ஒன்று பயங்கர அழுத்தத்தோடு வழுக்கவும் செய்யும். சாதா ஆயில் நசுங்கி வெளியே ஓடிவிடும். இதற்காகவே கந்தகமும் பாஸ்பரஸும் கலந்த மருந்து சேர்ப்பார்கள். அது பல்லின்மேல் ஒரு தோல் மாதிரிப் படியும். ஜிஎல்-5-ல் இந்த மருந்து தூக்கல். (அந்த நாற்றம் இதனால்தான். மூன்று தடவை குளித்தும் வீட்டில் கிட்டச் சேர்க்கவில்லை!)

கியர் பாக்ஸின் கதை நேர் எதிர். 1928-ல் காடிலாக் கார்களில் வந்தது சிங்க்ரோமெஷ். கியர் மாற்றும்போது இரண்டு சக்கரங்களின் வேகத்தையும் ஒன்றாக்க ஒரு வளையம் சின்ன பிரேக் மாதிரி உரசிப் பிடிக்கும். பெரும்பாலும் பித்தளை வளையம். அது உரசினால்தான் வேலை நடக்கும். அங்கே போய் அதிகம் வழுக்குகிற ஆயிலை ஊற்றினால் பிடிமானம் போய் 'கர்ர்' என்று கத்தும். போதாததற்கு, சூட்டில் அந்தக் கந்தகம் பித்தளையை அரிக்கவும் பார்க்கும். மேனுவலில் கியர் பாக்ஸுக்கு ஜிஎல்-4 என்றால் ஜிஎல்-4-தான். 'உசத்தி நம்பர், உசத்தி ஆயில்' என்ற கணக்கு இங்கே செல்லாது.

90 என்ற எண்ணைப் பார்த்தும் பயப்பட வேண்டாம். கியர் ஆயிலுக்கு அளவுகோலே வேறு. கியர் ஆயில் 90, கெட்டியில் எஞ்சின் ஆயில் 40, 50-க்குச் சமம்தான்.

வடிக்கிற பிளக்கைப் புது வாஷரோடு மாட்டுங்கள். பல கியர் பாக்ஸ்களின் கூடு அலுமினியம். பலத்தைக் காட்டினால் மரை போய்விடும். பக்கவாட்டு ஓட்டைக்குப் புனல் உதவாது. பெரிய சிரிஞ்சும் ஒரு முழம் டியூபும் போதும். ஓட்டையின் கீழ் விளிம்பு வரை ஏறி, வெளியே லேசாக வழிந்தால் ஃபுல். அவ்வளவுதான் அளவு.

ஓட்டிப் பார்த்தோம். இரண்டாவது கியர் வெண்ணெய். 'ஙொய்' பாதியாகக் குறைந்தது. முழுக்கப் போகவில்லை. குறைந்த ஆயிலில் இத்தனை நாள் ஓடித் தேய்ந்த பல், புது ஆயில் ஊற்றினால் வளர்ந்துவிடாது. அடுத்த வாரம் வேறொரு மெக்கானிக்கிடம் சீல் மாற்றினார் அண்ணன். இந்தத் தடவை பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து!

பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். 2016-ம் வருஷத்து அபாயக் கழிவு விதிகளில் அதுவும் அடக்கம். கேனில் பிடித்து, பழைய ஆயில் சேர்த்து வைக்கிற ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடலாம். நாங்கள் கேனை மூடிக்கொண்டிருந்தபோது வாட்ச்மேன் வந்தார். ''சார், கேட் கீல் கிறீச்சுங்குது, ரெண்டு சொட்டு கிடைக்குமா?'' புது டப்பாவில் மிச்சமிருந்ததைக் கொடுத்தேன். கேட் இப்போது சத்தமே போடுவதில்லை. நாற்றம்தான் இரண்டாவது மாடி வரை வருகிறது என்று செக்ரட்டரி புகார்!