ஸ்பீக்கரை மாற்றும் முன்

கார் ஸ்பீக்கரில் கரகரப்பு கேட்டதும் பழி முதலில் விழுவது ஸ்பீக்கரின் மேல்தான். சத்தம் அங்கிருந்து வருவதால் கோளாறும் அங்கேயே இருக்கும் என்று நினைப்பது இயல்பு. ஆக்சஸரீஸ் கடைகளிலும் பல நேரம் இதே தீர்ப்புதான்: கதவின் உள்பக்கப் பலகையைக் கழற்றி, பழையதை எடுத்து, புதியதை மாட்டிவிடுவார்கள். அதற்குப் பிறகும் கரகரப்பு தொடர்ந்தால் காரின் ஸ்டீரியோ செட்டை மாற்றச் சொல்வார்கள், அதற்கடுத்து ஆம்ப்ளிஃபயரை. பணம் கரைந்துகொண்டே போகும், சத்தம் மட்டும் போகாது. இந்த வரிசையே தலைகீழானது என்று நான் நினைக்கிறேன். ஸ்பீக்கர் பெரும்பாலும் தானாக எதையும் உண்டாக்குவதில்லை. தன் இரண்டு கம்பிகளில் வந்து சேரும் மின்னழுத்த மாற்றத்தை அசைவாக்கி, அந்த அசைவைக் காற்றில் ஒலியாக்குகிறது. பாட்டோடு வேறு ஏதாவது கலந்து வந்தால் அதையும் ஒளிக்காமல் ஒலித்துக் காட்டுகிறது. ஆகவே பணப்பையைத் திறப்பதற்கு முன் கவனிக்க வேண்டியவை இரண்டு: சத்தம் எப்போது வருகிறது, எதைச் செய்தால் நிற்கிறது.

கார் வானொலியின் வரலாறே இதற்குச் சான்று. 1930இல் அமெரிக்காவில் பால் கால்வினின் நிறுவனம் மோட்டோரோலா என்ற பெயரில் கார் வானொலியை விற்பனைக்குக் கொண்டுவந்த காலத்தில், அந்தத் தொழிலில் இருந்த எல்லோரையும் வாட்டியது இன்ஜினிலிருந்து வந்த இரைச்சல். ஸ்பார்க் பிளக்கில் பொறி தெறிக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு சிறு ரேடியோ அலையும் கிளம்பும். ஆன்டெனா அதையும் வானொலி நிலையத்தின் அலையோடு சேர்த்து வாங்கிக்கொள்ளும். இதைச் சரிசெய்ய முனைந்தவர்கள் ஸ்பீக்கரைத் தொடவில்லை. பிளக் வயரில் மின்தடையும் ஜெனரேட்டரில் கண்டென்சரும் சேர்த்து, இரைச்சலைப் பிறக்கும் இடத்திலேயே அடக்கினார்கள். இன்றைய பிளக்குகள் பலவற்றில் அந்த மின்தடை உள்ளேயே இருக்கிறது. என்ஜிகே நிறுவனத்தின் பிளக் எண்ணில் 'ஆர்' என்ற எழுத்து அதைத்தான் குறிக்கிறது. சர்வீசின்போது அந்த எழுத்து இல்லாத பிளக்கை மாட்டிவிட்டால், இன்ஜின் நன்றாகவே ஓடும். வானொலியில் மட்டும் 'டிக் டிக்' ஒலி திரும்ப வந்துவிடும். எட்வின் ஆம்ஸ்ட்ராங் 1933இல் பண்பலை (எஃப்எம்) முறைக்குக் காப்புரிமை பெற்றதற்குப் பின்னால் இருந்த நோக்கமும் வானொலி இரைச்சலை ஒழிப்பதுதான். அலையின் உயரத்தில் வந்து ஒட்டிக்கொள்ளும் இரைச்சலை எஃப்எம் ரிசீவர் வெட்டித் தள்ளிவிடுகிறது. இந்தியாவில் அந்த முறை முதலில் ஒலித்தது 1977இல், சென்னை வானொலியில். மின்சாரக் கார்கள் வந்தபோது பழைய பிரச்சினை வேறு உருவில் திரும்பியது: மோட்டாரை இயக்கும் மின்னணுச் சுற்றுகளின் இரைச்சலால் ஏஎம் வானொலியே வேண்டாமென்று பிஎம்டபிள்யூ தன் ஐ3 காரில் அதை விட்டுவிட்டது.

ஆகவே முதல் சோதனைக்கு ஒரு கருவியும் வேண்டாம். இன்ஜினை ஓடவிடாமல் சாவியை மட்டும் திருப்பிப் பாட்டைப் போடுங்கள். சத்தம் இல்லையென்றால் இன்ஜினை ஓடவிட்டு, நின்ற நிலையிலேயே ஆக்சிலரேட்டரை மெல்ல மிதியுங்கள். மிதிக்க மிதிக்க 'ஊய்ங்' என்ற ஒலி மேலே ஏறினால், அது ஆல்டர்னேட்டரிலிருந்து வருகிறது. ஆல்டர்னேட்டர் உற்பத்தி செய்வது மாறுமின்சாரம். உள்ளே இருக்கும் டையோடுகள் அதை நேர்மின்சாரமாக மாற்றி பேட்டரிக்கு ஏறத்தாழ 14 வோல்ட் கொடுக்கின்றன. அந்த 14 வோல்ட்டின் மேல் ஒரு மெல்லிய அலைவு எஞ்சியிருக்கும். இன்ஜின் நிமிடத்துக்கு 1500 சுற்று சுற்றும்போது, ஆல்டர்னேட்டர் அதைப்போல் இரண்டரை மடங்கு வேகத்தில் சுழல்கிறது என்று வைத்துக்கொண்டால், 12 துருவங்கள் உள்ள ஆல்டர்னேட்டரில் அந்த அலைவு நொடிக்கு 2250 முறை வரும். மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்கும் எல்லைக்குள் வரும் அதிர்வெண் இது. அதனால்தான் மில்லிவோல்ட் கணக்கிலான அலைவுகூடப் பாட்டுக்கு நடுவே துருத்திக்கொண்டு கேட்கிறது.

இன்ஜினுள்ள பெரும்பாலான கார்களில் ஆல்டர்னேட்டர் இருக்கும்போது சில கார்களில் மட்டும் இது ஏன் கேட்கிறது? பதில் எர்த்தில் இருக்கிறது. காரின் இரும்பு உடலே பேட்டரியின் நெகட்டிவ் கம்பியாகப் பயன்படுகிறது. செட்டின் எர்த் டாஷ்போர்டுக்குப் பின்னால் ஓரிடத்தில், ஆம்ப்ளிஃபயரின் எர்த் டிக்கியில் வேறோரிடத்தில் என்று இருந்தால், இரண்டு இடங்களுக்கும் இடையே மிகச் சிறிய மின்னழுத்த வேறுபாடு உண்டாகும். அந்த வேறுபாடு செட்டையும் ஆம்ப்ளிஃபயரையும் இணைக்கும் ஆர்சிஏ கேபிளின் வெளிக்கம்பி வழியாக ஓடி, பாட்டின் சிக்னலோடு கலந்துவிடும். பெயின்ட் சுரண்டாமல் போல்ட்டை இறுக்கிய எர்த், துருப்பிடித்த எர்த், மெல்லிய கம்பியில் எடுத்த எர்த் எல்லாம் இந்த வேறுபாட்டைக் கூட்டும். பாட்டு ஓடும்போது பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் ஆம்ப்ளிஃபயரின் எர்த் முனைக்கும் நடுவே மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் 0.1 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் காட்டினால் எர்த்தை எடுத்து, பளிச்சென்று இரும்பு தெரியும்வரை சுரண்டி, தடித்த கம்பியில் மறுபடி இறுக்குவதுதான் வைத்தியம். சீட் பெல்ட் போல்ட்டில் மட்டும் எர்த் எடுக்கக் கூடாது. அது உயிர் காக்கும் பாகம்.

போனை சார்ஜில் போட்டுக்கொண்டு ஆக்ஸ் கேபிளில் பாட்டு கேட்பவர்களுக்கு வரும் இரைச்சலும் இதே குடும்பம்தான். சார்ஜர் வழியாக ஒரு எர்த், ஆக்ஸ் வழியாக இன்னொரு எர்த் என்று வளையம் மூடிக்கொள்கிறது. சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். சத்தம் நின்றால் விஷயம் முடிந்தது. டாஷ்கேமும் தரமில்லாத எல்இடி ஹெட்லைட் பல்புகளும் எஃப்எம்மில் மட்டும் இரைச்சல் கொடுக்கும். ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தால் குற்றவாளி தானாகவே சிக்கும். எஃப்எம்மில் மட்டும், அதுவும் உயரமான கட்டடங்களுக்கும் மேம்பாலங்களுக்கும் நடுவே மட்டும் வரும் சத்தத்துக்குக் காரில் எந்தக் கோளாறும் தேவையில்லை. அலை கட்டடங்களில் பட்டுப் பல வழிகளில் வந்து சேர்வதால் வருவது அது. ப்ளூடூத்திலோ பென்டிரைவிலோ பாட்டு சுத்தமாகக் கேட்டால் ஸ்பீக்கரை விட்டுவிடலாம்.

வால்யூமைக் கூட்டும்போது மட்டும் கிழிந்தாற்போல் ஒலிப்பது வேறு கதை. அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கார் செட்டின் பெட்டியில் '50 வாட் பெருக்கல் 4' என்று அச்சிட்டிருப்பதை நம்பித்தான் பலர் வால்யூமை முழுதும் ஏற்றுகிறார்கள். செட்டுக்கு உள்ளே இருக்கும் ஆம்ப்ளிஃபயர் ஐசிக்குக் கிடைப்பது காரின் 14.4 வோல்ட் மட்டுமே. 4 ஓம் ஸ்பீக்கரில் அந்த 14.4 வோல்ட் முழுவதும் சதுர அலையாக விழுந்தால் கணக்குப்படி வருவது 51.8 வாட். சதுர அலை என்பது முழுக்க முழுக்க நசுங்கிப்போன ஒலி. அதில் பாட்டு கிடையாது. நசுங்காத அலைக்குக் கணக்குப்படி உச்ச அளவே சுமார் 26 வாட். ஐசியில் ஏற்படும் இழப்புகள் போக நடைமுறையில் கிடைப்பது அதிலும் குறைவு. அந்த எல்லையைத் தாண்டி வால்யூமை ஏற்றினால் அலையின் உச்சி வெட்டுப்பட்டுத் தட்டையாகும்; அதுதான் கரகரப்பாகக் கேட்கிறது. பாஸை முழுதும் ஏற்றி வைத்திருந்தால் இந்த எல்லை இன்னும் சீக்கிரம் வந்துவிடும். வெட்டுப்பட்ட அலையில் உயர் அதிர்வெண்கள் மிகுந்திருப்பதால் முதலில் எரிவது ட்வீட்டர். இந்தச் சத்தத்துக்குப் புதிய ஸ்பீக்கர் போட்டால் புதிய ஸ்பீக்கரும் அதே வழியில் போகும். பாஸையும் வால்யூமையும் குறைத்தாலே சத்தம் போய்விடும். அதற்கு மேலும் ஒலி வேண்டுமென்றால் தனி ஆம்ப்ளிஃபயர் வைக்கலாம். அதன் கெயின் திருகை வால்யூம் என்று எண்ணி முழுதும் திருகாமலிருந்தால் போதும்.

பள்ளத்தில் ஏறி இறங்கும்போதோ கதவைத் திறந்து மூடும்போதோ வந்து போகும் படபடப்பு, பெரும்பாலும் லூஸ் கான்டாக்ட். கதவுக்கும் காரின் உடலுக்கும் நடுவே ஒரு ரப்பர் குழாய்க்குள் வயர்கள் போகின்றன. கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் அவை மடங்குகின்றன. ஆண்டுகள் போகப்போக உள்ளே செம்பு இழைகள் ஒவ்வொன்றாக அறுகின்றன. பாட்டைப் போட்டுவிட்டு அந்த ரப்பரைக் கையால் மெல்ல அசைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். செட்டுக்குப் பின்னால் வயர்களை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றி வைப்பது இன்னொரு காரணம். வெயிலில் நிறுத்திய காருக்குள் ஏறும் சூட்டில் டேப்பின் பசை இளகி, முறுக்கு தளர்ந்துவிடும். கம்பி வெளியே தெரிந்து காரின் உடலில் உரசினால் கரகரப்போடு நிற்காது: இன்றைய செட்டுகளில் ஸ்பீக்கரின் இரண்டு கம்பிகளிலுமே மின்னழுத்தம் இருப்பதால், எந்தக் கம்பி எர்த்தைத் தொட்டாலும் ஐசி எரியக்கூடும். அதனால்தான் சால்டர் வைத்து, ஹீட் ஷ்ரிங்க் குழாய் மாட்டித் தரச் சொல்லிக் கேட்க வேண்டும்.

இவ்வளவு சொன்னாலும் ஸ்பீக்கர் ஒருபோதும் கெடாது என்று வாதிடவில்லை. வடகிழக்குப் பருவமழையில் நனையும் நம் ஊர்க் கார்களில் கதவு ஸ்பீக்கர் கெடக்கூடும். கண்ணாடி இறங்கும் இடுக்கு வழியாக மழைநீர் கதவுக்குள் இறங்குவது அந்த அமைப்பிலேயே உள்ளதுதான். கதவின் அடியிலுள்ள துளைகள் அதை வெளியேற்றும். பலகைக்கும் கதவின் இரும்புக்கும் நடுவே ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாள் நீர் உள்பக்கம் வராமல் தடுக்கும். முன்பு யாரோ கதவைப் பிரித்தபோது அந்தத் தாளைக் கிழித்து அப்படியே விட்டிருந்தால், காகிதக் கூம்பு ஊறி உப்பும், வாய்ஸ் காயில் காந்தத்தில் உரசும். சோதிப்பது எளிது. கூம்பின் நடுப்பகுதியைச் சுற்றி நான்கு விரல்களை வைத்துச் சீராக உள்ளே அழுத்துங்கள். உரசல் தட்டுப்பட்டால் காயில் கோணலாகிவிட்டது. மல்டிமீட்டரில் 4 ஓம் ஸ்பீக்கர் 3க்கும் 4க்கும் இடையே காட்ட வேண்டும். வயரைக் கழற்றிவிட்டு 1.5 வோல்ட் பேட்டரி செல்லை ஸ்பீக்கரின் முனைகளில் ஒரு நொடி தொட்டால் 'டப்' என்று தெளிவாக ஒலிக்க வேண்டும். இவற்றில் தோற்ற ஸ்பீக்கரைத் தயங்காமல் மாற்றலாம். கிழிந்த பிளாஸ்டிக் தாளையும் கூடவே ஒட்டாவிட்டால் அடுத்த மழையில் புதியதும் போய்விடும்.

சாதாரண ஸ்பீக்கரின் விலை பெரிதில்லையே, மாற்றிப் பார்த்தால்தான் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. விலை ஒரு பக்கம் இருக்கட்டும். ஒவ்வொரு முறை கதவைப் பிரிக்கும்போதும் கிளிப்புகள் உடைகின்றன, அந்தத் தாள் கிழிகிறது, புதிதாக ஒரு வயர் முறுக்கு சேர்கிறது. காரணமில்லாமல் செய்த மாற்றம் அடுத்த கரகரப்புக்கு விதை போடுகிறது. இரைச்சல் தடுக்கும் ஃபில்டர் ஒன்றை மாட்டினால் போதுமே என்பது இன்னொரு வாதம். ஆக்ஸ் கேபிளில் வரும் எர்த் வளையத்துக்கு ஐசொலேட்டர் நல்ல தீர்வுதான், மறுக்கவில்லை. மலிவானவற்றில் பாஸ் ஒலி குறையும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். துருப்பிடித்த எர்த்தை அப்படியே விட்டுவிட்டு அதன் மேல் ஃபில்டர் வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. கெட்ட இணைப்பு நாளுக்கு நாள் சூடாகும். ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் தடித்த கம்பியில் பேட்டரிக்கு அருகே ஃபியூஸும் இல்லையென்றால் அது தீ விபத்தில் முடியலாம். வாரண்டி உள்ள புதிய காரைப் பிரிக்க முடியாதே என்ற தயக்கம் நியாயமானது. சாவியைத் திருப்பிப் பார்ப்பது, சார்ஜரைப் பிடுங்குவது, வேறு வழியில் பாட்டைப் போடுவது, பேலன்ஸையும் ஃபேடரையும் நகர்த்தி எந்தக் கதவு என்று கண்டுபிடிப்பது ஆகிய நான்குக்கும் ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொட வேண்டியதில்லை. சர்வீஸ் சென்டரில் சொல்வதற்கு அந்தத் தகவலே பாதி வேலையை முடித்துவிடும்.

கடையில் ஸ்பீக்கரை மாற்றித்தான் ஆக வேண்டும் என்று சொன்னால், புதியதைப் பிரிக்கும் முன் ஒன்று கேளுங்கள்: இடப்பக்க ஸ்பீக்கரை வலப்பக்கத்திலும் வலப்பக்கத்ததை இடப்பக்கத்திலும் மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். கரகரப்பு ஸ்பீக்கரோடு சேர்ந்து இடம் மாறினால் புதியதற்குப் பணம் கொடுங்கள். பழைய கதவிலேயே நின்றால் கோளாறு வயரிலோ செட்டிலோ இருக்கிறது; அந்த ஸ்பீக்கரை மாற்றச் சம்மதிக்காதீர்கள்.