ஒளியரிப்புத் தகடும் மாதிரியுருக் கலையும்

ஒரு பொருளின் நீளத்தையும் அகலத்தையும் சிறுக்கிக் காட்டுதல் எளிது. அதன் தடிப்பைச் சிறுக்கிக் காட்டுதலே அரிது. விமானம், கப்பல், போர்த் தாங்கி முதலியவற்றின் மாதிரியுருக்களைப் பிளாத்திக்கில் அமைப்போர் யாவரும் எதிர்ப்படும் முதல் இடர் இதுவே. இவ்விடரைத் தீர்க்கும் பொருட்டு எழுந்ததே ஒளியரிப்பு முறையால் ஆக்கப்பட்ட மெல்லிய உலோக உறுப்புக்களைப் பிளாத்திக்கு மாதிரியுருவிற் பொருத்தும் வழக்கம். பொழுதுபோக்கெனத் தோன்றும் இவ்வழக்கத்தினுள் இரசாயனவியலும் பௌதிகவியலும் கைத்தொழிற் பயிற்சியும் ஒருங்கே அடங்கியுள்ளன.

தடிப்பு என்னும் இடர்

விற்பனைக்கு வந்த முதற் பிளாத்திக்கு மாதிரியுருத் தொகுதிகள் 1936 இல் இங்கிலாந்தில் ‘புரொக் பெங்குவின்’ என்னும் பெயரோடு வெளிவந்தன. அவை செலுலோசு அசற்றேற்றினால் ஆனவை. பின்னர்ப் பொலிஸ்தைரீன் அவ்விடத்தைப் பெற்றது. உருகிய பொலிஸ்தைரீன் மிக்க அமுக்கத்தோடு உருக்கு அச்சினுட் செலுத்தப்படுகின்றது. அச்சிலுள்ள வெளி மிக ஒடுங்கியதாயின், உருகிய பொருள் அதனை நிரப்புமுன் குளிர்ந்து இறுகிவிடும். ஆதலின் பிளாத்திக்கு உறுப்பு ஓரளவுக்குக் கீழே மெலிதாதல் இயலாது.

இதன் விளைவைக் கணக்கினால் அறியலாம். இரண்டாம் உலகப் போரில் செருமானியரின் நான்காம் வகைப் பன்சர்த் தாங்கிகளுக்கு, சோவியத்துப் படையினரின் 14.5 மில்லிமீற்றர்த் தாங்கியெதிர்ப்புத் துவக்குகளிலிருந்து காப்பளித்தற்பொருட்டு, 1943 இல் பக்கத் தகடுகள் பூட்டப்பட்டன. உடலின் இருமருங்கும் தொங்கிய அத்தகடுகளின் தடிப்பு 5 மில்லிமீற்றர். முப்பத்தைந்தில் ஒரு பங்கு அளவான மாதிரியுருவில் அது 0.14 மில்லிமீற்றராதல் வேண்டும். பிளாத்திக்கில் 1 மில்லிமீற்றர்த் தடிப்பிற் செய்யப்பட்ட தகடோ, உண்மையில் 35 மில்லிமீற்றர்த் தடிப்புள்ள கவசத்தையே குறிக்கும். மெல்லிய மறைப்பாய் இருந்தது பருத்த மதிலாய்த் தோன்றுகின்றது. ஏறத்தாழ 0.15 மில்லிமீற்றர்த் தடிப்புள்ள பித்தளைத் தகடு இவ்விடத்து உண்மைக்கு மிக அணித்தாய் அமைகின்றது.

ஒளி செய்யும் உளி

உலோகத்தை அமிலத்தால் அரித்துச் சித்திரம் அமைத்தல் ஐரோப்பாவிற் பழைய தொழில். கவசங்களை அணிசெய்தற்கு அது பதினைந்தாம் நூற்றாண்டிலேயே பயன்பட்டது. அக்காலத்தில் மெழுகு போன்ற காப்புப் பூச்சைக் கையினாற் கீறி, கீறிய இடத்தை அமிலம் அரிக்கவிட்டனர். கையின் இடத்தை ஒளிக்கு அளித்தமையே பிற்கால மாற்றம். பிரான்சு நாட்டு நிசெப்போர் நியெப்சு 1820 களில், ஒருவகை நிலக்கீல் ஒளிபட்ட இடத்தில் இறுகிக் கரையாத் தன்மை எய்துதலைப் பயன்படுத்தி உலோகத் தகடுகளை அரித்தார். ஆங்கிலேயராகிய வில்லியம் ஹென்றி பொக்சு டால்பட்டு, பொற்றாசியம் இருகுரோமேற்றுக் கலந்த செலற்றின் ஒளியால் இறுகுதலை அடிப்படையாகக் கொண்டு 1852 இல் உரிமைச் சான்று பெற்றார். 1858 இல் அரிகரைசலாகப் பெரிக்குக் குளோரைட்டைக் கையாண்டார். பொகீமியாவிற் பிறந்த காரல் கிளிச்சு 1879 ஆம் ஆண்டளவில் இம்முறையை மேலும் செம்மைப்படுத்தினார். அதே பொகீமியாவில், ஒப்ர்னிசு என்னும் ஊரில் இயங்கும் எடுவார்ட்டு நிறுவனம் 1989 இல் தொடங்கப்பெற்று, மாதிரியுருக்களுக்கான ஒளியரிப்பு உறுப்புக்களால் உலகெங்கும் பெயர் பெற்றமை நோக்கத்தக்கது.

இன்றைய முறை வருமாறு: தூய்மையாக்கப்பட்ட தகட்டின் இருபுறமும் ஒளியுணர் பூச்சு இடப்படும். உறுப்பின் வரைபடம் பதிந்த இரு படத்தாள்கள் இருபுறமும் ஒன்றற்கொன்று நேராக வைக்கப்பட்டு, ஊதாக்கடந்த ஒளி பாய்ச்சப்படும். ஒளிபட்ட பூச்சு இறுகும். படாத பூச்சுக் கழுவுங்கால் நீங்கும். பின்னர்ப் பெரிக்குக் குளோரைட்டுக் கரைசல் தெளிக்கப்படும். பெரிக்கு அயன்கள் உலோக அணுக்களிலிருந்து இலத்திரன்களைப் பெற்றுப் பெரசு அயன்களாக மாற, பித்தளையிலுள்ள செம்பும் நாகமும் அயன்களாகிக் கரைசலிற் சேரும்.

இருபுறமும் பூச்சு நீங்கிய இடத்தில் தகடு ஊடறுபடும். ஒருபுறம் மாத்திரம் நீங்கிய இடத்தில் ஏறத்தாழப் பாதித் தடிப்பே அரிபடும். இவ்வரையரிப்பே மடிக்குங் கோடுகளையும் மேற்பரப்பிலுள்ள தறையாணித் தலைகளையும் ஆக்குகின்றது. கரைசல் கீழ்நோக்கி மாத்திரமன்றிப் பக்கவாட்டிலும் அரித்துச் செல்லுமாதலின், தகட்டின் தடிப்பினும் மிகச் சிறிய துளையைச் செம்மையாக ஆக்குதல் அரிது. மின்சுற்றுப் பலகைகளும், பழைய வண்ணத் தொலைக்காட்சிக் குழாய்களினுள் இருந்த நுண்டுளைத் தகடுகளும் இத்தொழிலின் உடன்பிறப்புக்களே.

பொருத்தும் முறை

உறுப்புக்கள் ஒரு சட்டத்தோடு சிறு இணைப்புக்களாற் பிணைக்கப்பட்டே வரும். கண்ணாடி போன்ற கடினமான பரப்பின்மீது வைத்து, கூரிய கத்தியால் இணைப்பை அறுத்தல் வேண்டும். மெத்தென்ற பரப்பில் அறுப்பின் உறுப்பு வளையும். எஞ்சிய முளையை நுண்ணரத்தால் அராவி நீக்கலாம். சிறு துண்டு தெறித்துக் கண்ணிற் படாவண்ணம் காப்புக் கண்ணாடி அணிதல் நன்று.

மடிக்குங்கால் அரையரிப்புக் கோடு பெரும்பாலும் மடிப்பின் உட்புறத்தே அமைதல் வேண்டும். ஒரே முறையிற் செம்மையாக மடித்தல் அவசியம். மீண்டும் மீண்டும் மடித்து விரிப்பின் மெலிந்த அக்கோட்டில் உலோகம் களைத்து முறியும். உருளையாக வளைக்க வேண்டிய பித்தளையைச் சுடரிற் காட்டி நிறம் மாறுங்காறும் சூடேற்றி ஆறவிட்டால் அது இளகும். ஆயின் நேராய் நிற்கவேண்டிய கப்பற் கைப்பிடி வேலியை அவ்வாறு செய்தல் தவறு; இளகிய தகடு சிறு தொடுகையாலும் கோணும்.

ஒட்டுதலில் ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. பொலிஸ்தைரீன் பசை பிளாத்திக்கைக் கரைத்து, இரு பரப்புக்களையும் ஒன்றாக உருக்கி இணைக்கும். உலோகம் அதிற் கரையாது. ஆகவே அப்பசை ஈண்டுப் பயன்படாது. பரப்பிலுள்ள நுண்ணிய ஈரத்தால் இறுகும் சயனோவக்கிரிலேற்றுப் பசையே பெரிதும் கையாளப்படும். ஊசி முனையளவு பசை போதும். மிகுதியாயின் அது பரவி நுண்வேலைப்பாட்டை மூடிவிடும். அதன் ஆவி ஒளிபுகு பிளாத்திக்கில் வெண்படலத்தை உண்டாக்குமாதலின், விமானியின் கண்ணாடிக் கூண்டருகே வெண்ணிற மரப்பசை தகும். உலோகத்தோடு உலோகம் இணையுமிடத்துப் பற்றாசே வலிமையுடையது. எனினும் பொலிஸ்தைரீன் ஏறத்தாழ 100 பாகை வெப்பத்திலேயே இளகுமாதலால், பற்றாசு வேலை முழுவதையும் மாதிரியுருவிற் பொருத்துமுன் முடித்தல் வேண்டும்.

வெப்பத்தால் விரிதலிலும் இவ்விரு பொருள்களும் ஒத்தவையல்ல. பொலிஸ்தைரீன் பித்தளையினும் ஏறத்தாழ நான்கு மடங்கு விரியும். 200 மில்லிமீற்றர் நீளத்தில் 10 பாகை வெப்பம் மாறுங்கால் இரண்டிற்கும் ஏற்படும் வேறுபாடு ஏறத்தாழ 0.1 மில்லிமீற்றர், இது தகட்டின் தடிப்பிற்கே ஒப்பானது. நீண்ட உறுப்பு நாளடைவில் நெளிந்தோ கழன்றோ போதற்கு இதுவும் ஒரு காரணமாம். நீண்டதைச் சிறு கூறுகளாக்கிப் பொருத்துதல் தக்க பரிகாரம். இறுதியாக, வழவழப்பான உலோகத்தில் வர்ணம் பற்றாதாகலின், எண்ணெய்ப் பசையைக் கழுவி அடிப்பூச்சு இடுதல் வேண்டும்.

எங்கு வேண்டும், எங்கு வேண்டா

அரித்த தகட்டின் இயல்பு தட்டையாதல். ஆதலின், மெய்யாகவே தட்டையும் மெலிவும் உடையனவற்றிற்கே அது ஏற்றது: காற்றுப் புகும் வலைகள், இருக்கைப் பட்டிகள், கருவிப் பலகைகள், ராடார்ச் சட்டங்கள், கப்பல் வேலிகள் என்பன அவை. உருண்டு திரண்ட கைப்பிடிக்கும் குழாய்க்கும் தகட்டைப் பயன்படுத்தின், நாடா போன்ற ஒன்றே கிடைக்கும். அவ்விடத்துக் கம்பியே உண்மைக்கு நெருங்கியது. துவக்குக் குழலுக்குக் கடைந்தெடுத்த உலோகம் மேலானது. எழுநூற்றில் ஒரு பங்கான கப்பலில் 0.1 மில்லிமீற்றர் வேலியும் 70 மில்லிமீற்றர்த் தடிப்பையே குறிக்கும். மெய்யான கப்பலின் வேலிக் கம்பியோ விரலளவு பருமனும் இல்லாதது. எனவே உலோகமும் உண்மையை முற்றாய் எய்துவதில்லை; பிளாத்திக்கினும் அணுகுகின்றது, அவ்வளவே.

இவ்வாராய்ச்சி இன்றியமையாதது; ஏனெனின், உலோக உறுப்பைப் பொருத்துதற்குப் பெரும்பாலும் பிளாத்திக்கில் ஏலவே அமைந்த வேலைப்பாட்டை அறுத்து அகற்றல் வேண்டும். அகற்றியது மீளாது. உறுப்பை முதலில் வறிதே வைத்து அளந்து, அது மெய்ப்பொருளின் ஒளிப்படத்தோடு பொருந்துகின்றதா என ஆராய்ந்த பின்னரே கத்தியை எடுத்தல் முறை. சட்டத்திலுள்ள உறுப்புக்கள் அனைத்தையும் பயன்படுத்தியே தீரவேண்டுமென எண்ணி, செம்மையாக வார்க்கப்பட்டதை அழித்து அதனினும் தாழ்ந்ததை ஒட்டுவோர் பலர். அவர் மாதிரியுருவில் மினுக்கம் மிகும், மெய்ம்மை குறையும்.

உறுப்புக்களின் எண்ணிக்கையன்று, அளவின் நேர்மையே மாதிரியுருவின் சிறப்பாம். எப்பொருளை எவ்விடத்துக் கொள்ளல் வேண்டும், எவ்விடத்துத் தள்ளல் வேண்டும் என்று தேர்ந்தறியும் பயிற்சியை ஒரு சாணளவுத் தகடு இளைஞர்க்கு அளிக்குமாயின், அதற்குச் செலவிட்ட காலம் வீணன்று.