பழைய செய்தித்தாள் நடையில் கடமைச் சொற்கள்: சிங்கப்பூர்த் தமிழ் இதழ்களை முன்வைத்து

சிங்கப்பூரின் பழைய தமிழ் இதழ்கள் பல இன்று தேசிய நூலக வாரியத்தின் மின்தொகுப்பில் படிக்கக் கிடைக்கின்றன. அவற்றை வகுப்பறைக்குக் கொண்டுவரும் ஆசிரியர்க்கு இடர் ஒன்றுண்டு. அருஞ்சொற்கள் மாணவரைத் தடுப்பதில்லை, அகராதி உதவிவிடும். தெரிந்த சொற்களே அவர்களை வழிதவறச் செய்கின்றன. 'கடமை', 'வேண்டும்' ஆகியன அத்தகையன. இவை யாரை, யார் பொருட்டுக் கட்டுப்படுத்துகின்றன என்பதை உணராவிடின் தலையங்கத்தின் நோக்கமே பிடிபடாமற் போகும்.

'கடமை' பிற்காலச் சோழர் கல்வெட்டுகளில் நிலவரியைக் குறித்தது. அறப்பொருளுக்குப் புறநானூற்றின் 312ஆம் பாடல் ஆள்வது 'கடன்' என்னும் சொல்லையே. தாய், தந்தை, கொல்லன், வேந்தன் என ஒவ்வொருவர்க்கும் உரியது அங்குக் கடனாகச் சுட்டப்படுகிறது. வள்ளுவர் 211ஆம் குறளில் 'கடப்பாடு' என்கிறார். இக்கால உரைநடையில் 'கடன்' பெரும்பாலும் பணத்தோடு நின்றுவிட, 'கடமை' வரியை விடுத்து அறத்தை ஏற்றது. எனினும் 'நன்றி கூறக் கடமைப்பட்டிருக்கிறோம்' என்னும் தொடரில் பழைய பொருள் முற்றும் மறையவில்லை. அவ்வாறு எழுதுபவர் தாம் கொடுக்கவேண்டியதொன்று நிலுவையில் இருப்பதாகவே பேசுகிறார்.

மகுதூம் சாயபுவின் 'சிங்கை நேசன்' (1887–1890) வெளிவந்த காலத்தில் சட்ட மொழிபெயர்ப்பிலும் விவிலிய மொழிபெயர்ப்பிலும் '-கடவது' என்னும் வடிவம் வேரூன்றியிருந்தது. ஆணை, வாழ்த்து, சாபம் ஆகிய மூன்றற்கும் அது பொது. சூழலே பொருளைப் பிரித்துக் காட்டும். இன்றைய மாணவர்க்கு அது புராண வாடை வீசுவதாகத் தோன்றுவதில் வியப்பில்லை.

இவற்றினும் நுட்பமானது 'வேண்டும்'. 'வேண்டு' என்பதன் அடிப்பொருள் விரும்புதல், இரத்தல். 'வேண்டுகிறோம்' என்னும்போது கேட்பவர் யாரெனத் தன்மைப் பன்மை விகுதி காட்டிவிடுகிறது. மறுக்கும் உரிமை வாசகரிடமே உள்ளது. துணைவினையாகிய 'வேண்டும்' திணை, பால், இடம் காட்டுவதில்லை. 'பிள்ளைகளைத் தமிழ்ப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும்' என்று ஒரு வாக்கியத்தை அமைத்துக்கொள்வோம். இங்கே பணிப்பவர் யார்? இதழாசிரியரா, சமூகமா, சட்டமா? வினை அதனைச் சொல்வதில்லை. ஒருவரின் வேண்டுகோள் எல்லோர்க்குமான கடமையாவதற்கு இவ்விலக்கணம் இடந்தருகிறது.

1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய 'தமிழ் முரசு' மேற்கொண்ட இயக்கங்களை இப்பின்னணியில் நோக்கலாம். 1956இல் தொடங்கிய மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையில் தமிழ் உரிய இடம்பெறப் பாடுபட்ட அவர், அதன் நூலகத்திற்கென 'தமிழ் எங்கள் உயிர்' நிதியைத் திரட்டினார். அந்நிதியின் பெயரில் கடமைச் சொல் எதுவும் இல்லை. மொழியை உயிரென்று கூறியபின் கொடுப்பது கொடையன்று, தற்காப்பாகிவிடுகிறது! கடமையை உணர்த்தும் வலிமையான தொடர் இது என்பது என் கருத்து.

1957இன் குடியுரிமைச் சட்டத்தையொட்டி இந்தியர்கள் குடியுரிமை பெறுமாறு அவர் தூண்டிய முயற்சி வேறுவகையது. அச்சட்டம் எவரையும் பதிவுசெய்யுமாறு கட்டாயப்படுத்தவில்லை; உரிமையை அளித்தது, அவ்வளவே. ஊருக்குத் திரும்பும் எண்ணத்தோடு வாழ்ந்தோர்க்கு அவ்வுரிமையைக் கடமையாக எடுத்துரைக்கும் பணி இதழைச் சார்ந்தது. 1967இல் தேசிய சேவை சட்டமானபோது நிலைமை மாறியது. அதனைப் பற்றிய செய்தியில் வரும் 'வேண்டும்' தண்டனையைப் பின்னணியாகக் கொண்டது. வடிவம் ஒன்றே, ஆனால் ஒன்றன் பின்னே நிற்பது ஆசிரியர், மற்றொன்றன் பின்னே அரசு.

வகுப்பில் இதற்கொரு பயிற்சி உண்டு. தலையங்கத்தின் ஒவ்வொரு 'வேண்டும்' இடத்திலும் முதலில் 'வேண்டுகிறோம்' என்பதையும், பின்னர் 'சட்டப்படி கட்டாயம்' என்பதையும் பொருந்துமாறு அமைத்துப் பார்க்கச் செய்யலாம். இரண்டும் பொருந்தாத இடங்களும் வரும். அவ்விடங்களில்தான் இதழ் சமூகத்தின் பெயரால் பேசுகிறது. வகுப்பு விவாதத்திற்கு அவற்றையே தேர்ந்துகொள்ளலாம்.