காதுக்குக் கேட்காத தட்டல்

பெருநிலத்துப் பிறை நகரையும் தீவையும் இணைக்கும் பினாங்குப் பாலத்தின் நீளம் 13.5 கிலோமீட்டர். அதில் 8.4 கிலோமீட்டர் கடலுக்கு மேலே போகிறது. 2019 ஜனவரி 1 முதல் மோட்டார்சைக்கிளுக்குக் கட்டணமும் கிடையாது. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போகும் கூட்டத்துக்கு நடுவே, கப்பலுக்கு வழிவிட்டுப் பாலம் மேலெழும் அந்த ஏற்றத்தில், கைப்பிடியை முழுக்கத் திருகியபடி ஒரு பழைய யமஹா ஆர்எக்ஸ்இசட் ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 8,000 சுற்று. டூ ஸ்ட்ரோக் என்பதால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு எரிப்பு. ஐந்து நிமிடத்தில் 40,000 எரிப்பு.

ஜார்ஜ்டவுன் தெருக்களில் சிவப்பு விளக்கு வந்தால் எஞ்சினுக்கு மூச்சு விட நேரம் கிடைக்கும். பாலத்தில் அது இல்லை. தெருவில் பல மாதம் தப்பித்த கோளாறு இங்கே ஒரே ஓட்டத்தில் வெளிப்படும். சத்தம் மாறும், பின்சக்கரம் ஒரு கணம் இறுகும், வண்டி நிற்கும். ‘எஞ்சின் ஜேம்’ என்ற ஒரே சொல்லில் கதை முடிந்துவிடும். புது பிஸ்டன் போடுவார்கள். சில வாரம் கழித்து அதுவும் போகும்.

1985இல் வந்து 2011இல் உற்பத்தி நின்றுபோன ஆர்எக்ஸ்இசட், மலேசியாவில் இன்றும் தேடி வாங்கப்படும் வண்டி. 56 மில்லிமீட்டர் விட்டமும் 54 மில்லிமீட்டர் ஓட்டமும் கொண்ட 133 சிசி எஞ்சின். கேமும் அது இயக்கும் வால்வுகளும் இல்லாததால் அரம், கிரைண்டர், லேத் இருந்தால் யாரும் அதில் கைவைக்கலாம். போர்ட்டைப் பெரிதாக்குவது, ஹெட்டைச் சீவுவது, எக்சாஸ்ட்டை மாற்றுவது எல்லாமே சக்தியைக் கூட்டும் வழிகள்தான். அதே வழிகள்தான் டெட்டனேஷன் என்ற கேட்டையும் உள்ளே அழைத்து வருகின்றன.

ஒரு மில்லி வினாடிப் பந்தயம்

பெட்ரோல் கலவை சிலிண்டருக்குள் ‘வெடிக்கிறது’ என்கிறோம். நல்ல எஞ்சினில் அது வெடிப்பதில்லை, எரிகிறது. ஸ்பார்க் பிளக்கில் பிடித்த தீ நடுவிலிருந்து ஓரத்தை நோக்கிப் பரவுகிறது. 8,000 சுற்று வேகத்தில் இந்த முழுப் பயணமும் ஏறத்தாழ ஒரு மில்லி வினாடிக்குள் முடிந்துவிடும்.

சிக்கல் ஓரத்தில் காத்திருக்கும் கலவையில்தான் இருக்கிறது. எரிந்த வாயு விரிந்து அதை நெருக்குகிறது. நெருக்க நெருக்கச் சூடு ஏறுகிறது. ஒரு அளவைத் தாண்டினால், தீ வந்து தொடும் முன்பே அது தானாகப் பற்றி மொத்தமாக வெடிக்கும். தீ முந்தினால் எஞ்சின் பிழைக்கும், ஓரக் கலவை முந்தினால் டெட்டனேஷன்.

அந்த வெடிப்பில் பிறக்கும் அழுத்த அலை சிலிண்டர் சுவர்களில் மோதி மோதி எதிரொலிக்கிறது. 56 மில்லிமீட்டர் விட்டத்துக்குக் கணக்குப் போட்டால் அதன் அதிர்வு நொடிக்கு ஏறக்குறைய 10,000. கீச்சென்ற மெல்லிய ஒலி. இன்றைய கார்களில் இதைக் கேட்பதற்கென்றே ஒரு சென்சார் இருக்கிறது. கேட்டவுடன் கணினி தீப்பொறியைத் தாமதப்படுத்திவிடும். கார்புரேட்டர் வைத்த டூ ஸ்ட்ரோக்குக்கு அந்தக் காது இல்லை. ஓட்டுபவரின் காதையோ ஹெல்மெட்டும் எக்சாஸ்ட் இரைச்சலும் அடைத்துவிடுகின்றன.

சத்தம் மட்டும் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். எரியும் வாயுவின் சூடு 2,000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அலுமினியமோ 660 டிகிரியில் உருகும். பிறகு எப்படி பிஸ்டன் தாக்குப்பிடிக்கிறது? உலோகத்தை ஒட்டி நிற்கும் மெல்லிய வாயுப் படலம்தான் அதற்குக் காப்பு. சூடான தண்ணீர் வாளியில் கையை அசைக்காமல் வைத்திருந்தால் பொறுக்கலாம், தண்ணீரைக் கலக்கினால் சுடும். டெட்டனேஷன் அலை செய்வது அந்தக் கலக்கலைத்தான். காப்புப் படலம் கிழிந்து, சூடு நேராக உலோகத்தில் இறங்குகிறது.

இதில் ஒரு வலையும் இருக்கிறது. சூடு உலோகத்துக்குள் போய்விடுவதால் எக்சாஸ்ட் வாயு கொஞ்சம் குளிர்கிறது. எக்சாஸ்ட்டில் தெர்மாமீட்டர் பொருத்தியவர், முள் இறங்குவதைப் பார்த்து ‘நல்லதுதான்’ என்று மேலும் முறுக்குவார். ஹெட்டின் சூடோ அதே நேரத்தில் ஏறிக்கொண்டிருக்கும்.

நூறு வருடப் பகை

டெட்டனேஷன் என்னும் இந்தத் தட்டலோடு மனிதன் மல்லுக்கட்டுவது புதிதல்ல. இங்கிலாந்தில் ஹாரி ரிக்கார்டோ முதல் உலகப் போர்க் காலத்திலேயே இது எரிபொருளின் குணத்தையும் எரிப்பு அறையின் வடிவத்தையும் பொறுத்தது என்று ஆராய்ந்தார். அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி 1921இல் ஈயச் சேர்மம் ஒன்றைப் பெட்ரோலில் சேர்த்துத் தட்டலை அடக்கினார். அந்த ஈயம் தலைமுறைகளின் இரத்தத்தில் கலந்தது தனிச் சோகம். 1926இல் கிரஹாம் எட்கர் ஆக்டேன் அளவுகோலைத் தந்தார். நம் எண்ணெய் நிலையத்தில் ரோன் 95 என்று எழுதியிருந்தால், சோதனை எஞ்சினில் அந்தப் பெட்ரோல் 95 பங்கு ஐசோ ஆக்டேனும் 5 பங்கு ஹெப்டேனும் கலந்ததைப் போலத் தட்டலைத் தாங்கும் என்று பொருள். அது சக்தியின் அளவு அல்ல, பொறுமையின் அளவு. தட்டாத எஞ்சினில் ரோன் 97 ஊற்றினால் கூடுதல் வேகம் வராது, பணம்தான் போகும்.

கழற்றிய பிஸ்டன் சொல்லும் சாட்சி

காது இல்லாத எஞ்சினுக்குக் கண்தான் துணை. ஜேம் ஆன எல்லா எஞ்சினும் ஒரே காரணத்தால் ஜேம் ஆவதில்லை.

பிஸ்டன் தலையின் விளிம்பு, எறும்பு அரித்ததுபோல, மணலை வீசி அடித்ததுபோலப் பொரிந்திருந்தால் அது டெட்டனேஷன். ஹெட்டிலும் அதே இடத்துக்கு நேரே அதே பொரிவு தெரியும். ரிங் உட்காரும் திட்டு விண்டிருக்கலாம். பிளக்கின் வெள்ளைப் பீங்கானைப் பூதக்கண்ணாடியால் பார்த்தால் உப்புத்தூள் அளவுக்குச் சாம்பல் நிற மணிகள் ஒட்டியிருக்கும். அவை பிஸ்டனிலிருந்து பெயர்ந்த அலுமினியம். பீங்கானே விரிசல் விட்டிருப்பதும் உண்டு.

பிஸ்டனின் நடுவில் உருகி ஓட்டை விழுந்திருந்தால் அது வேறு நோய். பிளக் முனையோ கரிக்கட்டியோ தணல்போலக் கனன்று, தீப்பொறிக்கு முன்பே கலவையைப் பற்றவைத்திருக்கிறது. இரண்டும் உறவுக்காரர்கள். டெட்டனேஷன் உலோகத்தைச் சூடாக்கும், சூடான உலோகம் தணலாகும். அதனால் ஓட்டையைக் கண்டாலும் ஓரத்தைப் பார்க்காமல் விடக்கூடாது. எக்சாஸ்ட் பக்கம் மட்டும் மேலிருந்து கீழாகக் கீறல் இருந்தால், பெட்ரோல் குறைந்த கலவையின் சூட்டையோ எண்ணெய்க் குறைவையோ சந்தேகிக்கலாம். நான்கு பக்கமும் கீறல் என்றால், எஞ்சின் சூடாகும் முன்பே முறுக்கியதால் பிஸ்டன் விரிந்து சிலிண்டரில் சிக்கியிருக்கிறது.

ஓரக் கலவைக்கு யார் நேரம் கொடுத்தது?

மாற்றியமைத்த எஞ்சினில் அதிகம் நடக்கும் தவறு ஒரு கேஸ்கெட்டில் தொடங்குகிறது. போர்ட் சீக்கிரம் திறக்க வேண்டும் என்று சிலிண்டருக்கு அடியில் தடித்த கேஸ்கெட்டை வைத்துத் தூக்குவார்கள். அதோடு ஹெட்டும் மேலே போகும். பிஸ்டன் உச்சிக்கு வரும்போது, அதன் விளிம்புக்கும் ஹெட்டின் ஓரப் பட்டைக்கும் நடுவே இருக்க வேண்டிய இடுக்கு அகன்றுவிடும். ‘ஸ்குவிஷ்’ எனப்படும் இந்த இடுக்கு நெருக்கமாக இருந்தால் இரண்டு வேலை செய்யும். ஓரக் கலவையை நடுவுக்குப் பீய்ச்சித் தீயை வேகப்படுத்தும், மிஞ்சியதை இரண்டு உலோகப் பரப்புக்கு நடுவே குளிர வைக்கும். அகன்றுவிட்டால் பற்றிக்கொள்ளத் தயாரான கலவைக்கு நாமே இடம் ஒதுக்கிக் கொடுத்ததாகிவிடும்.

அளப்பது எளிது. பிளக் துளை வழியாக 2 மில்லிமீட்டர் சால்டர் கம்பியைச் சிலிண்டர் சுவர் வரை நுழைத்து, எஞ்சினைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றி, நசுங்கிய முனையை வெர்னியரால் அளக்க வேண்டும். பிஸ்டன் ‘பின்’ (pin) இருக்கும் திசையில் இரு பக்கமும் அளந்தால் பிஸ்டன் சாய்வு ஏமாற்றாது. இந்த அளவு எஞ்சினில் 1 மில்லிமீட்டரை ஒட்டி இருப்பது பொதுவான இலக்கு. மிகவும் குறைத்தால் அதிக வேகத்தில் பிஸ்டனே ஹெட்டில் இடிக்கும். ஹெட்டைச் சீவும்போதும், ஓரப் பட்டையின் சாய்வு பிஸ்டன் தலைக்கு ஒத்துப்போக வேண்டும்.

அடுத்தது, கண்ணுக்குத் தெரியாத காற்று. கிராங்க்கின் மேக்னெட் பக்க சீல் தேய்ந்தாலோ, ரீட் வால்வு கேஸ்கெட் கசிந்தாலோ காற்று திருட்டுத்தனமாக நுழைந்து கலவையில் பெட்ரோலின் பங்கைக் குறைக்கும். கிளட்ச் பக்க சீல் போனால் கியர் எண்ணெய் உள்ளே வந்து புகையும், எண்ணெய் கலந்த பெட்ரோலின் ஆக்டேனும் இறங்கும். கலவை நுழையும் வாயையும் எக்சாஸ்ட் வாயையும் அடைத்து 6 பிஎஸ்ஐ அளவுக்குக் காற்றடித்துச் சில நிமிடம் முள் இறங்குகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். சோப்புத் தண்ணீர் கசியும் இடத்தைக் காட்டும்.

எக்சாஸ்ட்டையும் மறக்கக்கூடாது. வயிறு பருத்த டூ ஸ்ட்ரோக் குழாய், வெளியேறப் பார்க்கும் புதுக் கலவையை அழுத்த அலையால் திரும்ப உள்ளே தள்ளுகிறது. அலை சரியாகப் பொருந்தும் சுற்றில்தான் சிலிண்டர் அதிகம் நிரம்பும், வண்டி பாயும். டெட்டனேஷனும் அங்கேதான் பதுங்கியிருக்கும். புதுக் குழாய் மாட்டினால் கார்புரேட்டர் ஜெட்டையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும். பெரிய மெயின் ஜெட்டில் தொடங்கிப் படிப்படியாகக் குறைப்பதே பாதுகாப்பு. தீப்பொறியை முன்னே நகர்த்தினால் நடுவேகத்தில் இழுவை கூடும், ஆனால் ஓரக் கலவை கூடுதல் அழுத்தத்தைத் தாங்க வேண்டிவரும். பழைய நிலைக்கு இரண்டு டிகிரி பின்னே வைப்பது பல எஞ்சின்களைக் காப்பாற்றும். என்ஜிகே பிளக்கில் எண் கூடக் கூடச் சூட்டை வேகமாகக் கடத்தும். முறுக்கிய எஞ்சினுக்கு ஒரு எண் கூட்டுவது வழக்கம்.

இவை எல்லாம் சரியான பிறகுதான் பெட்ரோலின் முறை. பலர் அங்கிருந்தே தொடங்குகிறார்கள். அகன்ற ஸ்குவிஷ்ஷுக்கும் கிழிந்த சீலுக்கும் ரோன் 97 மருந்தாகாது, வலியைக் கொஞ்சம் தள்ளிப்போடும், அவ்வளவுதான். பினாங்கின் ஈரக் காற்றோ உண்மையில் நம் பக்கம். நீராவி எரிப்பைச் சற்றே தணித்துத் தட்டலைக் குறைக்கும். நண்பகல் வெயில்தான் அந்தச் சலுகையைத் திரும்ப வாங்கிக்கொள்கிறது.

சோதனை ஓட்டம் எல்லாம் பந்தயத் தடத்தில்தான். அனுமதியின்றி மாற்றியமைத்த வண்டியைச் சாலையில் ஓட்டுவது குற்றம் என்பது ஒருபுறம், பாலத்தின் நடுவில் பின்சக்கரம் இறுகினால் பின்னால் லாரி வருகிறது என்பது இன்னொருபுறம்.

அடுத்த முறை பட்டறையில் பிஸ்டன் மாற்றினால், பழையதைக் குப்பையில் போடவிடாமல் கேட்டு வாங்குங்கள். பிளக்கையும் சேர்த்து. வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். விளிம்பில் அந்தப் பொரிவு இருக்குமானால், புது பிஸ்டனுக்குக் காசு கொடுக்கும் முன் சால்டர் கம்பி எங்கே என்று கேளுங்கள்.