எண்ணூரைப் போர்த்திய காக்கா ஆழி

ஓர் உயிரினம் உலகிலிருந்தே அற்றுப்போனதாக அறிவியலாளர்கள் அறிவிப்பதற்குப் பல ஆண்டுகள் முன்னரே, அது ஓர் ஆற்றிலிருந்தும் ஒரு கழிமுகத்திலிருந்தும் ஒரு கரையிலிருந்தும் ஓசையின்றி விடைபெற்றிருக்கும். உள்ளூர் அழிவு என்று உயிரியலார் குறிக்கும் இந்நிலையைப் பிறர் கவனிப்பதற்கு முன் அறிபவர்கள், அந்த உயிரினத்தைப் பிடித்தும் பொறுக்கியும் பிழைக்கும் மக்களே. கொசஸ்தலை ஆறு கடலோடு கலக்கும் எண்ணூர் கழிமுகத்தில் இன்று நடப்பது இதுதான் என்பதையும், அதைச் சொல்லிவருபவர்கள் அங்குள்ள குப்பத்து மீனவர்கள் என்பதையும் கருத்தில் கொண்டே வடசென்னையின் உயிர்வளத்தைப் பற்றிப் பேச வேண்டும்.

ஆற்று நீரும் கடல்நீரும் ஓதத்திற்கேற்பக் கலக்கும் இக்கழிமுகத்தில் அலையாத்தி மரங்களும் சேற்றுத் திட்டுகளும் உண்டு; சேற்றில் புதைந்து வாழும் இறாலும் நண்டும் மட்டியும் உண்டு. இறாலைக் கையால் தடவிப் பிடிக்கும் தொழில், படகும் பெருவலையும் வாங்க இயலாத எளிய மக்களுக்கு இங்கு நெடுங்காலமாகச் சோறு போட்டு வந்திருக்கிறது. அந்தச் சேற்றுத் தரையைத்தான் அண்மை ஆண்டுகளில் கருநிறமான ஒரு சிப்பியினம் மூடிவிட்டது. மீனவர்கள் இதைக் காக்கா ஆழி என்று அழைக்கின்றனர். அறிவியலில் இதன் பெயர் மைட்டெல்லா ஸ்ட்ரிகேட்டா.

தென் அமெரிக்கா, மத்திய அமெரிக்கா ஆகியவற்றின் வெப்பமண்டலக் கரைகளைத் தாயகமாகக் கொண்ட இச்சிப்பி, தன் உடலிலிருந்து சுரக்கும் உறுதியான இழைகளால் கல், மரம், கம்பம், வலை, மற்றொரு சிப்பியின் ஓடு என எதன்மீதும் பற்றிக்கொள்ளும். ஏறத்தாழ நன்னீரை ஒத்த நீரிலிருந்து மிகுந்த உப்பேறிய நீர் வரை தாங்கக்கூடியது. விரைவில் முதிர்ந்து இனம் பெருக்குவது. ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு இவை தரைமீது பாய் விரித்தாற்போலப் படரும்போது, இறால் புதைய மண் இல்லை. மட்டி மூச்சுவிட வழி இல்லை. நீரில் மிதக்கும் நுண்ணுயிர் உணவையும் இவையே வடிகட்டி உண்டுவிடுகின்றன. மஞ்சள் மட்டி இவற்றின் அடியில் புதையுண்டு அருகிவிட்டது என்று மீனவர்கள் கூறுகின்றனர். கழிமுகத்தில் இறங்குவோரின் கால்களைக் கிழிப்பதும் இதே ஓடுகள்தான்.

கடல்களைக் கடந்து இது எவ்வாறு வந்தது? சரக்கு ஏற்றாத கப்பல் நிலைகுலையாமல் இருப்பதற்காக ஒரு துறைமுகத்தில் தொட்டிகளில் நிரப்பிக்கொள்ளும் நீரை நிலைப்பு நீர் என்பர். மற்றொரு துறைமுகத்தில் சரக்கு ஏற்றும்போது அந்நீர் வெளியேற்றப்படுகையில், அதிலுள்ள கண்ணுக்குத் தெரியாத இளவுயிரிகளும் சேர்ந்தே இறங்குகின்றன. கப்பலின் அடிப்புறத்தில் ஒட்டிக்கொண்டும் அவை பயணம் செய்யும். இச்சிப்பி பிலிப்பைன்ஸ், சிங்கப்பூர், கேரளத்தின் காயல்கள் ஆகிய இடங்களிலும் பரவியிருப்பதற்குக் கப்பல் போக்குவரத்தே காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர். 2001இல் தொடங்கப்பட்டு இன்று காமராஜர் துறைமுகம் எனப்படும் எண்ணூர்த் துறைமுகமும் காட்டுப்பள்ளித் துறைமுகமும் இக்கழிமுகத்திற்கு அண்மையிலேயே அமைந்துள்ளன.

அயலிடத்திலிருந்து வந்து உள்ளூர் உயிர்களை நெருக்கி வெளியேற்றும் இத்தகைய இனங்களை ஊடுருவும் அயல் இனங்கள் என்பர். பல்லுயிரியம் குறித்த பன்னாட்டு அரசுகளிடை அமைப்பு 2023இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, உலகில் பதிவான உயிரின அழிவுகளில் 60 விழுக்காட்டில் இவற்றுக்குப் பங்கு உண்டு. இரண்டாம் உலகப் போரை அடுத்த ஆண்டுகளில் சரக்கோடு குவாம் தீவை அடைந்த ஒரு மரப்பாம்பு, அங்கிருந்த 12 வகைக் காட்டுப் பறவைகளில் 10 வகைகளை அத்தீவிலிருந்தே துடைத்துவிட்டது. விக்டோரியா ஏரியில் 1950களில் விடப்பட்ட நைல் பெர்ச் மீன், நூற்றுக்கணக்கான சிறுமீன் வகைகளின் மறைவுக்குப் பெருங்காரணமாயிற்று. மனிதன் துப்பாக்கி எடுக்காமலே நிகழ்ந்த அழிவுகள் இவை.

எனினும் பழியனைத்தையும் சிப்பியின்மேல் சுமத்துவது நேர்மையாகாது. வளம் குன்றாத நீர்நிலையைவிடச் சீர்குலைந்த நீர்நிலையிலேயே அயல் இனங்கள் எளிதில் வேரூன்றும் என்பது சூழலியலின் பொதுப் பாடம். எண்ணூரிலோ அனல்மின் நிலையத்தின் சாம்பல் குழாய்கள் கசிந்து கழிமுகத்தின் தரையை மூடின. குளிர்விக்கப் பயன்பட்ட வெந்நீர் அதில் கலந்தது. 2017 ஜனவரி 28 அன்று இரு கப்பல்கள் மோதியதால் கடலில் எண்ணெய் பரவியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பகுதியிலிருந்து வந்த எண்ணெய் அலையாத்தி வேர்களில் அப்பியது, கூழைக்கடாக்களின் சிறகுகள் எண்ணெயில் தோய்ந்தன. உள்ளூர் உயிர்கள் இத்தனை அடிகளையும் வாங்கித் தளர்ந்த காலத்தில்தான் காக்கா ஆழி பெருகியது. சாம்பலையும் எண்ணெயையும் நிறுத்தாமல் சிப்பியை மட்டும் அள்ளுவது பாதி வேலையே.

அள்ளுவதிலும் முறை உண்டு. தூர்வாரும் எந்திரத்தால் கிளறிவிட்டு அங்கேயே கொட்டினால் உயிருள்ள சிப்பிகள் புதிய இடத்தில் பற்றிக்கொள்ளும். ஆதலால் அவற்றை நிலத்திற்கு எடுத்துச் சென்று உலர்த்தி அழிப்பதும், உள்ளூர் மட்டிப் படுகைகள் எஞ்சியுள்ள இடங்களை மீனவர்களைக் கொண்டே அடையாளங்கண்டு முதலில் விடுவிப்பதும் இன்றியமையாதவை. ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரில் 1999இல் இதைப் போன்ற ஓர் அயல் சிப்பி படகுத்துறைகளில் காணப்பட்டபோது, சில வாரங்களுக்குள் அத்துறைகளை மூடி, நீரில் வேதிப்பொருள் கலந்து, அதை முற்றாக ஒழித்தனர். அவை மதகுகளால் அடைக்கக்கூடியனவாக இருந்ததும், தொடக்கத்திலேயே கண்டறிந்ததும் அவ்வெற்றிக்குக் காரணங்கள். திறந்த கழிமுகமான எண்ணூரில் நஞ்சிடுதல் கூடாது; ஆனால் இனி வரும் அயல் இனங்களைத் தொடக்கத்திலேயே கண்டறிதல் இங்கும் இயல்வதே.

சட்டங்கள் இல்லாமலில்லை. நிலைப்பு நீரைத் தூய்மை செய்து வெளியேற்றக் கோரும் பன்னாட்டு உடன்படிக்கை 2004இல் ஏற்கப்பட்டு 2017இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியாவின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022இல் செய்யப்பட்ட திருத்தம் அயல் இனங்களின் இறக்குமதியையும் வணிகத்தையும் கட்டுப்படுத்த வழிசெய்கிறது. யாரும் இறக்குமதி செய்யாமல் தொட்டி நீரில் வந்திறங்கும் உயிரைத் தடுக்க, துறைமுக வாயிலில் நடைபெறும் ஆய்வே உண்மையான காவல். துறைமுக நீரில் புதிய உயிரினங்கள் உள்ளனவா என்று ஆண்டுதோறும் ஆராய்ந்து முடிவை வெளியிடுவதும், குப்பத்தார் புதிதாக எதையேனும் கண்டால் தெரிவிப்பதற்கு ஓர் அலுவலரைப் பொறுப்பாக்குவதும் பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல. பறவைக் காப்பிடமும் பல ஊர்களின் மீன்பிடித் தொழிலும் தங்கியுள்ள பழவேற்காடு ஏரி, எண்ணூரோடு பக்கிங்காம் கால்வாயாலும் உப்பங்கழிகளாலும் இணைந்திருப்பதால், அந்த ஆய்வு முதலில் தொடங்கவேண்டிய இடம் இவ்விரு நீர்நிலைகளுக்கும் இடைப்பட்ட வழிதான்.